சுவரைப் பார்த்து நிற்பவன்

பாழடைந்த வீட்டின் நிலவறை. அலறிக்கொண்டே படியிறங்கும் பெண்ணின் கையில் காமிரா. மூலையில் அவளுடைய நண்பன் நிற்கிறான். முதுகு நமக்கு, முகம் சுவருக்கு. காமிரா பொத்தென்று விழுகிறது. படம் முடிந்தது. ரத்தம் இல்லை, கோரப்பல் இல்லை. 1999இல் வெளியான ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’டை (பார்க்காதவர்கள் மன்னிக்க, முடிவைச் சொல்லிவிட்டேன்) முதன்முதலில் பார்த்த இரவு, தண்ணீர் குடிக்க எழுந்தவன் கூடம் முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அடுக்களைக்குப் போனேன்.

ஒருவன் சுவரைப் பார்த்து நிற்பதில் என்ன பயம்? படத்தின் தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் பழைய கொலைகாரன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். குழந்தைகளை இரண்டிரண்டாகக் கூட்டிப்போவானாம். ஒன்றைக் கொல்லும்போது மற்றதை மூலையில் நிற்கவைப்பானாம். நாம் அதை மறந்தே போயிருப்போம். ஒரு மணி நேரம் கழித்து அந்த முதுகைக் கண்டதும் மூளை இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. கொலையை இயக்குநர்கள் எடுக்கவே இல்லை. அந்த வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

யாரோ எடுத்துவிட்டுக் காணாமல் போக, பிறகு எவர் கையிலோ சிக்கிய காட்சிகள் என்ற பாவனையில் வரும் இத்தகைய படங்களை ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்கிறார்கள். ‘பிளேர் விட்ச்’ இயக்குநர்கள் டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் 1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்து காட்டுக்குள் மூன்று நடிகர்களை அனுப்பினார்கள். காமிராவை இயக்கியதும் அந்த நடிகர்களே. அடுத்து எங்கே போவது என்பதை ஜி.பி.எஸ். கருவி சொல்லும், காட்சிக்கான குறிப்பு காட்டுக்குள் ஓரிடத்தில் காத்திருக்கும். நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்தார்கள். நள்ளிரவில் கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். எட்டு நாளில் சேர்ந்த ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சிகளிலிருந்து வெட்டியெடுத்த 81 நிமிடம்தான் படம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். அந்த வரிசை முக்கியம்: முதலில் அரள வேண்டும், பிறகுதான் இருட்டு பேயாகும். ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் பயத்தைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிடுகிறார். தோசைக்கல் புகைந்தாலும் அது அலறும். எரிச்சலாக இருந்தாலும் பரவாயில்லை, நிஜத் தீயின்போது வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. புதரில் சலசலப்பு கேட்டதும் புலியென்று ஓடியவன் ஒருவேளை ஏமாந்திருப்பான். காற்றென்று நின்றவன் ஒருநாள் இரையாகியிருப்பான். தகவல் குறையக் குறைய இந்தக் கருவி இன்னும் உஷாராகிறது. மங்கலான படம், சட்டகத்துக்கு வெளியே சுள்ளி முறியும் ஓசை, கைவிளக்கு வெளிச்சம் எட்டாத மரங்கள் எல்லாம் அதற்குத் தீனி.

காமிராவின் ஆட்டம் இதில் முக்கியமே இல்லை என்பது என் கட்சி. குலுங்கும் காட்சியில் கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உட்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. அந்தச் சண்டையில் பலருக்குக் குமட்டல்தான் மிஞ்சியது. பின்னால் வந்த நகல்கள் அந்தக் குமட்டலை மட்டும் கற்றுக்கொண்டன. ஓரென் பெலி நேர்மாறாகச் செய்தார். சான் டியாகோவில் தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலரில் அவர் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யில் படுக்கையறைக் காமிரா ட்ரைபாடில் அசையாமல் நிற்கிறது. காதலர்கள் இருவரும் தூங்குகிறார்கள். திரையின் ஓரத்தில் கடிகார எண்கள் விர்ரென்று ஓடுகின்றன; திடீரென்று வேகம் குறைந்து வினாடி வினாடியாக நகர்கின்றன. திறந்த கதவு சில அங்குலம் அசைகிறது. அவ்வளவுதான். அடுத்தடுத்த இரவுகளில் எண்கள் மெதுவானாலே நெஞ்சு படபடக்கிறது. பாவ்லோவின் நாய்க்கு மணியோசை போல. வழக்கமான படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று குளோசப் சொல்லிவிடும். இங்கே சொல்ல ஆளில்லை. கண் கதவுக்கும் போர்வைக்கும் நடைவழி இருட்டுக்குமாக அலைகிறது.

பொய் என்று தெரிந்தும் ஏன் பயம் என்று கேட்கலாம். 1999இல் ‘பிளேர் விட்ச்’ காட்சிகளை நிஜமென்றே நம்பியவர்கள் உண்டு. நாயகியாக நடித்தவரின் தாய்க்கு அனுதாபக் கடிதங்கள்கூட வந்தன. இன்று யாரும் நம்புவதில்லை. ஆனால் புளியங்காயைக் கடிப்பதாக நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறது. காய் கையில் இல்லையே என்று நாக்கிடம் வாதாடிப் பயனில்லை.

விரும்பிப் பயப்படுவதற்கும் ஓர் அளவு உண்டு. டென்மார்க்கின் வைலே நகரப் பேய் வீட்டுக்குள் 110 பேரை இதயத்துடிப்புக் கருவியோடு அனுப்பிப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. பயம் மிகக் குறைந்தாலும் சுவாரசியமில்லை, மிஞ்சினாலும் இல்லை. நடுவில்தான் மகிழ்ச்சி உச்சம் தொட்டது. சோபாவில் இருப்பவருக்கு ரிமோட் கையிலேயே இருக்கிறது.

அந்த நிலவறைக் காட்சியைப் பிறகு பகலில் திரும்பப் போட்டேன். நிறுத்திப் பார்த்தால் ஒரு மங்கலான முதுகு, அவ்வளவே. ஓடவிட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது: காட்சி அவள் கையில் இருக்கும் காமிராவிலிருந்து வருகிறது, அலறலோ எங்கோ தொலைவிலிருந்து கேட்கிறது. ஒலி பதிவாவது ஏற்கெனவே கீழே விழுந்து கிடக்கும் நண்பனின் காமிராவில். அவள் படியிறங்க இறங்க, அவளுடைய குரல் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.