கன்று ஈன்ற பசுவும் சுண்ணாம்புச் சத்தும்

பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாடுகளோடு ஜெர்ஸி கலப்பினப் பசுக்களும் வளர்க்கப்பட்டு வருகின்றன. மிகுதியாகப் பால் கறக்கும் இக்கலப்பினப் பசுக்களுள் சில, மூன்றாம் ஈற்று முதற்கொண்டு, கன்று ஈன்ற இரண்டொரு நாளில் திடீரெனப் படுத்துவிடுவதுண்டு. காதுகள் குளிர்ந்து, தலையை விலாப்புறம் திருப்பியபடி எழ இயலாது கிடக்கும். இதனைப் பால் ஜுரம் என்பர். எனினும் உடலில் ஜுரம் இராது. அசட்டை செய்தால் ஒரே இரவில் பசுவை இழக்க நேரிடும்.

இந்நோயில் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடுகிறதென்பதை 1925-ஆம் ஆண்டில் லிட்டில், ரைட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். பசுவின் ரத்தத்தில் ஒரு சமயத்தில் சுற்றிவரும் இச்சத்து ஏறக்குறைய 3 கிராமே. பத்து லிட்டர் சீம்பாலிலோ சுமார் 20 கிராம் வெளியேறுகிறது. இச்செலவை ஈடுசெய்யும் குதிர் எலும்பேயாகும். கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் ரத்தத்தில் இச்சத்து குறைவதை உணர்ந்து, எலும்பினின்று அதனை வரவழைக்கின்றன. வெயில் படுவதால் தோலில் உண்டாகும் 'டி' ஜீவசத்து, கல்லீரலிலும் மூத்திரக்காயிலும் பக்குவமடைந்து, தீவனத்திலுள்ள சுண்ணாம்பைக் குடல் ஏற்கும்படி செய்கின்றது.

இங்குக் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. சினைக்காலத்தின் முடிவில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக அளித்தால் நோய் தடைப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. வரவு தாராளமாயிருக்கையில் அச்சுரப்பிகள் வேலையின்றி மந்தமடைகின்றன. ஈன்றவுடன் திடீரெனத் தேவை ஏற்படும்போது, அவை விழித்து எலும்பும் குடலும் இணங்குவதற்குள் ஓரிரு நாட்கள் கழிந்துவிடுகின்றன.

ஆகவே, ஈனுவதற்கு முன் மூன்று வாரங்களில் குதிரைமசால், வேலிமசால், அகத்தி ஆகியவற்றைக் குறைத்து, புல்லும் சோளத்தட்டையும் அளித்தல் நலம். ஈன்ற நாள் முதல் அவற்றையும் தாது உப்பையும் தாராளமாக அளிக்கலாம். பசுவை நாள்தோறும் சிறிது நேரம் வெயிலில் கட்டுதல் வேண்டும். முதல் இரு நாட்களுக்கு மடியை முற்றிலும் ஒட்டக் கறக்கலாகாது.

படுத்த பசுவின் வாயில் மருந்தை ஊற்றுவது அபாயகரமானது. விழுங்கும் சக்தி குன்றியிருப்பதால் அது நுரையீரலுட் புகும். கால்நடை மருத்துவர் சுண்ணாம்புச் சத்து மருந்தை ரத்தக்குழாய் வழியே மெதுவாகச் செலுத்தினால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் பசு எழுந்து நிற்கும். கிராம அதிகாரிகள் 1962 என்னும் கால்நடை மருத்துவ உதவி எண்ணைக் குடியானவர் யாவரும் அறியச் செய்வார்களாயின், பல குடும்பங்களின் ஜீவனம் காப்பாற்றப்படும்.