வீட்டில் அமைக்கும் திரவக் குளிர்விப்புக் கணிப்பொறி

கணிப்பொறி, தான் ஏற்கும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதையும் இறுதியில் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. அவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதி, தபால் தலை அளவேயுள்ள சிலிக்கன் சில்லுகளில் தோன்றுகிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடில், புராஸஸர் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உஷ்ணம் மேலும் மிகுந்தால் யந்திரம் நின்றுவிடும். சாதாரண யந்திரங்களில் உலோகத் தகடுகளும் விசிறியும் உஷ்ணத்தை அகற்றுகின்றன. சக்தி மிகுந்த யந்திரங்களில் இவ்வேலைக்குத் திரவம் பயன்படுகிறது. 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த க்ரே-2 என்னும் பெருங் கணிப்பொறியின் மின்சுற்றுகள் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கியே இயங்கின. இன்றோ, வேண்டிய பாகங்களைக் கடைகளில் வாங்கி இம்முறையை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர ஒரு கலோரி உஷ்ணம் வேண்டும். ஒரு கிராம் காற்றுக்கு இதில் ஏறத்தாழ கால் பங்கே போதும். சம கனஅளவில் ஒப்பிட்டால், நீர் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் உஷ்ணத்தை ஏற்கிறது. 280 வாட் உஷ்ணத்தை வெளியிடும் புராஸஸரின்மீது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் நீர் பாய்ந்தால், அந்நீரின் வெப்பநிலை சுமார் 4 டிகிரியே உயரும். ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் செய்து காட்டலாம்.

ஆயினும், நீர் உஷ்ணத்தை அழிப்பதில்லை. சுமந்து செல்ல மட்டுமே செய்கிறது. அது முடிவில் அறைக் காற்றிலேயே சேர வேண்டும். ஆகவே, அறையின் வெப்பநிலை 40 டிகிரியாயின், திரவம் அதற்குக் கீழே குளிர இயலாது. ரேடியேட்டரின் பரப்பும், அதனூடே காற்றுத் தடையின்றிச் செல்லும் வழியுமே பயனை நிர்ணயிக்கின்றன. பனிக்கட்டியைக் கொண்டு திரவத்தை மேலும் குளிர்விக்க முற்பட்டால், காற்றிலுள்ள ஈரம் மின்பாகங்களின்மீது நீர்த்துளிகளாகப் படியக்கூடும்.

தொட்டி, பம்பு, நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட செம்புத் தகடு, ரேடியேட்டர், இணைப்புக் குழாய்கள் ஆகியவை முக்கிய பாகங்களாகும். தொட்டியை பம்புக்கு மேலே வைத்தல் வேண்டும். நீரின்றி ஓடும் பம்பு விரைவில் பழுதாகும். செம்புத் தகட்டுடன் அலுமினிய ரேடியேட்டரை இணைத்தலாகாது. ஒரே நீரில் தொடர்புறும் இவ்விரு உலோகங்களும் மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படும். காய்ச்சி வடித்த நீருடன், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தைச் சேர்க்க வேண்டும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும் என்று நம்பியிருத்தல் கூடாது. உலோகங்களிலிருந்து உப்புகள் கரையக் கரைய அதன் கடத்தும் தன்மை பெருகும்.

மிக முக்கியமானது கசிவுச் சோதனை. ஏனைய பாகங்களுக்கு மின்சாரம் கொடாமல், பம்பை மட்டும் ஒரு நாள் முழுதும் இயக்கி, ஒவ்வொரு மூட்டின் கீழும் உலர்ந்த காகிதம் விரித்துக் கவனித்தல் வேண்டும். காகிதம் சிறிதளவு நனைந்திருந்தாலும் அம்மூட்டைக் கழற்றி, ரப்பர் வளையத்தைச் சரிபார்த்துப் பொருத்தி, சோதனையை மீண்டும் தொடங்க வேண்டும். இதற்குப் பொறுமையில்லாதவர், ஒரு துளியினால் யந்திரத்தையும் அதிலுள்ள பதிவேடுகளையும் இழக்க நேரிடும்.

கண்ணாடி போன்ற குழாய்களும் வண்ணத் திரவங்களும் அழகு தருவன. எனினும், சில வண்ணப் பொடிகள் நாளடைவில் படிந்து செம்புத் தகட்டின் நுண்வழிகளை அடைத்துவிடும். எவ்வகைத் திரவமாயினும், தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில் அதனை மாற்றுவதே முறை.

கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல் போன்ற பணிகளுக்கு விசிறியே போதுமானது. நெடுநேரம் முழு வேகத்தில் கணக்கிட வேண்டிய யந்திரத்துக்கே இம்முறை ஏற்றது. பாகங்களை வாங்குமுன் அறையில் காற்றோட்டம் போதுமான அளவு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் நலம்.