பத்தாயிரத்தில் எட்டு

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை: யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், ஷூவுக்கு அப்பர் (மேல்பகுதி) தைக்கும் லைன்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கலவை, திமிரி, ஆற்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். இருபது வயதில் மெஷினில் உட்கார்ந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு ஆகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலைநாடுகளில் அது 51.

அந்த வயதில் பலருக்கு நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்குக் குப்பென்று ஒரு சூடு ஏறும். வேர்வை கொட்டும். சில நிமிடங்களில் அடங்கி, உடம்பு சில்லிடும். இரவிலும் இரண்டு மூன்று முறை இதே கதை. தூக்கம் கெடும், மறுநாள் ஷிப்ட் காத்திருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னால், ‘வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ’ என்பார்கள். டாக்டரிடம் போனால் சத்து மாத்திரையோ தூக்க மாத்திரையோ கிடைக்கும்.

இதற்கு மிக நன்றாக வேலை செய்யும் சிகிச்சை ஒன்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னதும், ‘ஐயோ, அது கேன்சர் வரவைக்குமே’ என்று எழும் பயத்துக்கு வயது இருபதுக்கும் மேல். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. அது எவ்வளவு உண்மை, யாரைப் பற்றிய உண்மை என்பதை நம் பெண்களுக்கு யாரும் எண்ணிச் சொன்னதில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறது. அங்கே ஒரு கூட்டம் நரம்பு செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. சினைப்பைகள் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்தச் செல்கள் பருத்துவிடுகின்றன; நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளை மிகையாகச் சுரக்கின்றன. சாதாரணமாக உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 0.4 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. சூட்டால் அவதிப்படும் பெண்களுக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. துளி வெப்பம் கூடினாலும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை பெருகுகிறது.

வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மெஷின் சூட்டுக்கு நடுவில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணுக்கு இது ஏன் இரட்டைத் துன்பம் என்பது இப்போது புரியும். இது மனக்குறையும் இல்லை, ‘நடிப்பும்’ இல்லை. பல ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ என்ற அமெரிக்க ஆய்வில், அடிக்கடி சூடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஏழு ஆண்டுகளைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது அறிவுரை ஆகாது.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைச் சிறிய அளவில் திரும்பக் கொடுப்பதுதான் ஹார்மோன் சிகிச்சை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு அதனுடன் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் வேண்டும். சூடு வரும் எண்ணிக்கையை இந்தச் சிகிச்சை, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 75 சதவீதம் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு கண்டது. வேறெந்த மருந்தும் இதைத் தாண்டவில்லை.

2002 ஜூலையில் நடந்தது

சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், மாதவிடாய் நிற்பதே ஒரு நோய், ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பெண் என்றும் இளமையாக இருப்பாள் என்று ஒரு புத்தகம் எழுதினார். விற்பனை ஏறியது. 1975-ல் முதல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தைச் சேர்த்ததும் அந்த ஆபத்து அடங்கியது.

அடுத்த இருபது ஆண்டுகளில், ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டின. சூட்டுக்காக வந்த மருந்தை இதயக் காப்புக்காக எழுதத் தொடங்கினார்கள் டாக்டர்கள். ஆனால் அந்தப் பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்கள், உடல்நலத்தில் கவனம் உள்ளவர்கள். மாரடைப்பைக் குறைத்தது மருந்தா, அவர்கள் வாழ்க்கையா? அதைப் பிரித்தறிய அமெரிக்க அரசு ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. 50 முதல் 79 வயது வரை 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற இந்த ஆய்வின் கூட்டு மாத்திரைப் பிரிவு, 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று உலகமெங்கும் செய்தி போனது. கோடிக்கணக்கான மருந்துச் சீட்டுகள் நின்றுபோயின.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுவோம்

போலி மாத்திரை சாப்பிட்ட 10,000 பெண்களில், ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதலாக வந்தது எட்டுப் பேருக்கு. அந்த எட்டுதான் செய்தியில் 26 சதவீதம் ஆனது. பக்கவாதம் எட்டுப் பேருக்கும், மாரடைப்பு ஏழு பேருக்கும், நுரையீரலில் ரத்த உறைவு எட்டுப் பேருக்கும் கூடுதல். மறுபக்கம், இடுப்பு எலும்பு முறிவு ஐந்து பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும் குறைந்தன. மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. 18 ஆண்டுப் பின்தொடர்தலின் கணக்கை 2017-ல் பார்த்தபோதும் இல்லை.

எட்டு சின்ன எண் என்று நான் சொல்லவில்லை. அந்த எட்டில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. மருந்தை நெடுநாள் எடுத்தால் எண் கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கின்படி, 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டு தினமும் இரண்டு ஹார்மோன்களும் எடுக்கும் ஐம்பது பெண்களில் ஒருவருக்கு, அதனால் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் இருநூறில் ஒருவர். இவை மேலைநாட்டுக் கணக்குகள். மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் இந்தியாவில் அவர்களைவிடக் குறைவு. ஆனால் நாம் அதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறோம். ஆகவே சிகிச்சை தொடங்குமுன் மார்பகப் பரிசோதனை அவசியம்.

வயதுதான் முக்கியம்

2002 ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. பலருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கொழுப்பு படிந்து ஏற்கெனவே கெட்டிருக்கும் ரத்தக் குழாயில் ஈஸ்ட்ரோஜன் புதிதாகப் போவது வேறு. ஆரோக்கியமான குழாயில் அது தொடர்வது வேறு. 65 வயதைத் தாண்டித் தொடங்கியவர்களுக்கு மறதி நோயும் அதிகமானது. ஐம்பதுகளில் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. ஆபத்துகள் மிகக் குறைவாக இருந்தன. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள், கடுமையான தொல்லை உள்ள, மற்றபடி ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே மேலோங்கும் என்பதுதான் இன்று உலகெங்கும் மகப்பேறு மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. 63 வயதுக்காரர்களின் கணக்கை வைத்து 47 வயதுப் பெண்ணைப் பயமுறுத்திவந்திருக்கிறோம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்மருந்துகளின் மீதிருந்த மிகக் கடுமையான எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்காக, முன்பு இதயத்துக்கு என்று எழுதியதைப் போல, இப்போது மறதியைத் தடுக்க, இளமையைக் காக்க என்று எல்லோருக்கும் எழுதத் தொடங்கினால் பழைய தவறே திரும்பும். தொல்லை இருப்பவருக்கு மருந்து. தொல்லை இல்லாதவருக்குத் தேவையில்லை.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள்

இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, நாடெங்கும் முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட உழைக்கும் பெண்கள் ஏராளம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்த அறுவைச் சிகிச்சைகள் 2019-ல் நாட்டையே அதிரவைத்தன. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து வரவேண்டியது ஒரே நாளில் வந்துவிடும். சூடு கடுமையாக இருக்கும். எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கூடுதல் ஆண்டுகளைக் கடக்க வேண்டிவரும். 45 வயதுக்கு முன் இப்படி ஆனவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே முறையான மருத்துவம். பயந்து பயந்து விவாதிக்கும் இச்சிகிச்சை மிகத் தெளிவாகத் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். கிடைக்காமல் இருப்பதும் இவர்களுக்குத்தான்.

கர்ப்பப்பை இல்லாதவருக்குப் புரோஜெஸ்ட்ரோன் தேவையில்லை, ஈஸ்ட்ரோஜன் போதும். அதே அமெரிக்க ஆய்வில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட, 10,739 பெண்கள் அடங்கிய பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலப் பின்தொடர்தலில் குறைந்தே இருந்தது; முன்பு சொன்ன ‘லான்செட்’ கணக்கிலிருந்து இது மாறுபடுகிறது. ஆனால் பக்கவாதம் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 12 கூடுதல். அறுவைச் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்’ என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

மாத்திரையா, ஜெல்லா?

விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது; ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை அங்கே தூண்டிவிடுகிறது. தோலில் தடவும் ஜெல் நேராக ரத்தத்தில் கலக்கிறது. ஜெல், தோல் பட்டை ஆகியவற்றால் ரத்த உறைவு கூடவில்லை என்று பிரான்சில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை கூடியவர்களுக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது முக்கியமான வித்தியாசம். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று மட்டுமே தொல்லை என்றால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் போதும். அது ரத்தத்தில் கலப்பது மிகமிகச் சொற்பம். தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல் பீஸ் கணக்கை முடிக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று புதிதல்ல. இந்த வயதில் அது இன்னும் கூடுகிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், கால் அல்லது நுரையீரலில் ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஹார்மோன் சிகிச்சை ஆகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் மற்றது. ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வழி இருக்கிறது: மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் சிறிய அளவில் சூட்டைக் குறைக்கும். நியூரோகைனின் பி-யைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற புதிய மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்குக் கல்லீரல் கண்காணிப்பு வேண்டும்.

எலும்பின் கணக்கு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பியியல் துறை, மாதவிடாய் நின்ற 150 பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்து 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நடமாடிக்கொண்டு, தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்பு நலிவு. அதே அளவுக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. உணவில் கால்சியமும் போதாது. வெயில் கொளுத்தும் ஊரில் இந்த நிலை! மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஈஸ்ட்ரோஜன் அதைத் தடுக்கிறது. எலும்புக்காக மட்டும் ஹார்மோனைத் தொடங்க வேண்டியதில்லை, அதற்கு வேறு மருந்துகள் உண்டு. சூட்டுக்காக எடுக்கிறவருக்கு எலும்பும் சேர்ந்து காக்கப்படும். கேழ்வரகு, தயிர், கீரை, காலை நடை ஆகியவை ஹார்மோன் எடுப்பவர், எடுக்காதவர் இருவருக்கும் பொது.

கேட்க வேண்டியது, கேட்கப்பட வேண்டியது

டாக்டரிடம் போகும் பெண் கேட்க வேண்டிய கேள்விகள் சில: என் வயதுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது சரிவருமா? கர்ப்பப்பை இல்லாத எனக்கு எந்த ஹார்மோன்? மாத்திரையா, ஜெல்லா? எவ்வளவு நாள், எப்போது திரும்பப் பரிசீலிப்போம்? ஆண்டுக்கொரு முறை உட்கார்ந்து, தொடரலாமா, அளவைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று பேசுவது சிகிச்சையின் ஒரு பகுதி. கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே போகும் மருந்து அல்ல இது.

இந்தக் கேள்விகளை எங்கே கேட்பது? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைப்பவருக்கு அந்த அட்டையும் இல்லை. அவருக்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அந்த இரண்டு அளவுகளும் ஹார்மோன் சிகிச்சைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. கம்பெனிகளில் நடக்கும் மருத்துவ முகாம்களிலும், வீட்டு வாசலில் நிற்கும் சுகாதாரப் பணியாளரின் படிவத்திலும், நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் கேட்க இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மாதவிடாய் நின்றுவிட்டதா, அதனால் தூக்கம் கெடுகிறதா? இதற்குப் புதிய கருவி வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம்.

பத்தாயிரத்தில் எட்டு என்ற எண்ணைக் கேட்டபின், ‘எனக்கு வேண்டாம், தாங்கிக்கொள்கிறேன்’ என்று ஒரு பெண் முடிவெடுக்கலாம். ‘ஐந்தாண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன், ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்கிறேன்’ என்று இன்னொருவர் முடிவெடுக்கலாம். இரண்டுமே நல்ல முடிவுகள்தான். எண்ணையே சொல்லாமல் அவருக்காக மற்றவர்கள் முடிவெடுத்துவிடுவதுதான் அநியாயம். அதை நிறுத்த வேண்டிய பொறுப்பு, சீட்டு எழுதும் டாக்டர்களுக்கும் முகாம் நடத்தும் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் இருக்கிறது.