கைக்கடிகாரம் கண்ட துடிப்பு

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதோ சில நொடிகள்தான். அப்போது சீராகத் துடித்த இதயம், நோயாளி வீடு திரும்பியதும் தாளம் தவறக்கூடும். ‘ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்’ என்னும் இதயக் கோளாறு பலருக்கு இப்படித்தான் வந்து வந்து போகும். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆனால், தாளம் தவறும்போது இதயத்தின் மேலறையில் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். வயது ஏற ஏற இந்த ஆபத்தும் கூடுகிறது.

எப்போது வரும் என்று தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க, உடலோடு எப்போதும் ஒரு கருவி இருக்க வேண்டும். திறன் கைக்கடிகாரம் அதற்கு உதவுமா என்று அறிய, அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள் நிறுவனத்தின் நிதியுதவியுடன் 2017இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். வழக்கமான மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்போர் மருத்துவமனைக்குப் பலமுறை அலைய வேண்டும். இந்த ஆய்வில் அந்த அலைச்சல் இல்லை. திறன்பேசிச் செயலி வழியாகவே ஒப்புதல் அளித்து, எட்டு மாதங்களில் 419,297 பேர் சேர்ந்தனர். மருத்துவமனையில் ஒவ்வொருவராகச் சேர்த்திருந்தால் இது நடக்கிற காரியமா?

கடிகாரத்தின் அடியில் சிறு விளக்குகளும் ஒளியை உணரும் பகுதியும் உள்ளன. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் பாயும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைகிறது. அதற்கேற்ப, தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றங்களுக்கு இடையிலான நேரத்தைக் கடிகாரம் கணக்கிடுகிறது. கை அசைந்தால் கணக்குப் பிசகும் என்பதால், அணிந்திருப்பவர் அசையாமல் இருக்கும் நேரம் பார்த்தே அது அளவெடுக்கும். ஒருமுறை தாளம் தவறியவுடன் அது எச்சரிப்பதில்லை. மீண்டும் மீண்டும் சோதித்து, கோளாறு தொடர்ந்தால் மட்டுமே எச்சரிக்கும்.

எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர். அதாவது, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால், 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூவர் எச்சரிக்கை பெற்றனர். எச்சரிக்கை வந்தவர்கள் காணொளி வழியாக மருத்துவரிடம் பேசலாம். தேவைப்பட்டோருக்கு, மார்பில் ஒட்டிக்கொள்ளும் இசிஜி பட்டை அஞ்சலில் அனுப்பப்பட்டது. அதை ஒரு வாரம்வரை அணிந்து திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வாறு திரும்பி வந்து ஆராயப்பட்ட 450 பட்டைகளில், ஏறத்தாழ மூன்றில் ஒன்று கோளாற்றை உறுதிசெய்தது. மற்றவர்களிடம் கடிகாரம் பொய் சொன்னது என்று கூறிவிட முடியாது. பட்டை சில நாள்கள் கழித்தே அணியப்பட்டது. அதற்குள் கோளாறு வந்து போயிருக்கலாம்.

2019இல் வெளியான இம்முடிவுகளில் இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை பெற்றவர்களில் பலர் ஆய்வு மருத்துவரிடம் பேசவே இல்லை. மேலும், சொந்தமாக அந்நிறுவனத்தின் திறன்பேசியும் கடிகாரமும் வைத்திருப்போர் மட்டுமே சேர முடிந்தது. அதனால், 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களே ஆய்வில் மிகக் குறைவாக இருந்தனர். இரண்டாவது குறையே பெரிது.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். பக்கவாதத்திற்கு மற்றொரு முக்கியக் காரணமான உயர் இரத்த அழுத்தத்தை வீட்டிலிருந்தே கண்காணிக்கும் திட்டம் இங்குள்ள பலதுறை மருந்தகங்களில் நடைமுறையில் உள்ளது. நோயாளி வீட்டில் இரத்த அழுத்தத்தை அளந்ததும், அந்த அளவு செயலி வழியாக மருத்துவக் குழுவுக்குச் செல்கிறது. அளவு எல்லை மீறினால், தாதி நோயாளியைத் தொடர்புகொண்டு விசாரிப்பார்.