ஓசி வைஃபையும் ஒரு ஏரியும்

எலெக்ட்ரிக் ட்ரெயினில் பக்கத்து ஸீட்காரர் பேப்பரை விரித்ததும் எட்டிப் பார்க்காத ஆபீஸ்வாசி உண்டா? ஸ்போர்ட்ஸ் பக்கம் முடிவதற்குள் அவர் சட்டென்று திருப்பிவிட்டால் நமக்குத்தான் கோபம் வருகிறது!

'பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு இல்லாமல் கிடக்கு ஸார். நான் எடுத்துக்கிட்டா அவருக்கு என்ன குறைஞ்சிடும்?' என்று கேட்கிற இளைஞர்களும் இந்த பேப்பர் கணக்கைத்தான் போடுகிறார்கள். நான் பி.காம். ஓர் இடத்தில் வரவு என்றால் இன்னோர் இடத்தில் பற்று இருந்தே தீரும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இந்தக் கணக்கில் பற்று எங்கே? டேட்டாவில் இல்லை. 2016-க்குப் பிறகு டேட்டா கொத்தமல்லி மாதிரி ஆகிவிட்டது. பற்று விழுவது அவருடைய பெயரில்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்னால் டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் வந்தது. எங்கிருந்து என்று போலீஸ் தேடிக்கொண்டு போனால், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீட்டு வைஃபை! மனிதருக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு தெளிவானது. அதற்குள் விசாரணை, டி.வி. காமிரா, பேப்பரில் பெயர் எல்லாம் ஆகிவிட்டது. அதே செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மெயிலுக்கு மும்பை செம்பூர் கம்பெனி ஒன்றின் வைஃபை. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ், திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தெருத் தெருவாகத் தேடக் கிளம்பியது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவு, சொந்தக்காரர் அனுமதியில்லாமல் நெட்வொர்க்கில் நுழையக்கூடாது என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவு: 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 5 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு வைஃபையைத் தொட்ட 17 வயசுப் பையனுக்கு 2007-ல் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். (அவன் வீட்டில் அம்மா என்ன விதித்தாரோ!)

'பூட்டு இல்லையே' என்கிறவர்கள் ஒருமுறை பழவேற்காடு ஏரிக்குப் போய் வரலாம். அவ்வளவு பெரிய தண்ணீருக்கு வேலி கிடையாது, கதவு கிடையாது. ஆனால் நல்ல இறால் கிடைக்கிற இடங்களில் நினைத்தவர் நினைத்த அன்றைக்கு வலை போட்டுவிட முடியாது. 'பாடு' என்று ஒரு முறை. இன்றைக்கு எந்த இடம் யாருக்கு என்று குப்பத்துக்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள். இதில் பங்கில்லாதவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனாலும், பூட்டில்லாததெல்லாம் கேட்பாரற்றது என்று அங்கே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. 2020-ல் பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போனபோது, அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்ட குழந்தைகளைத் திருட்டுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. சினிமா டவுன்லோடு செய்கிறவரும் அந்தக் குழந்தையும் ஒன்றா என்ன? கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம், எடுப்பதற்கு இல்லை!

தோணிரேவில் எனக்கு ஒரு நண்பர். சென்னையில் ஆபீஸ், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. போனில் பாஸ்வேர்டில்லாத வைஃபை ஒன்று தெரிந்திருக்கிறது. இத்தனை நேரம் நான் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொல்லி வைத்தேன். நல்ல பிள்ளையாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கா, உங்க வைஃபையைக் கொஞ்சம் யூஸ் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த அம்மாள் திருதிருவென்று முழித்தாராம்.

"எங்க வீட்ல ஏது தம்பி நெட்டு? அது உங்களுதுன்னு நெனச்சுல்ல எம் பொண்ணு ரெண்டு மாசமா பாடம் பாத்துக்கிட்டிருக்கா!"

இப்போது இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஓனரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.