செத்த குதிரைக்கு யார் பணம் கட்டுவது?

'சி.ஐ.எஃப். என்றால் சரக்கு நம் துறைமுகம் சேரும்வரை விற்றவன் பொறுப்பு' என்று நம்பி, நனைந்து வந்த இறக்குமதிச் சரக்குக்காக விற்றவனோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் இன்ஷூரன்ஸ் கெடு தாண்டிவிட்டது. என் முதல் வேலை அம்பேல்!

புன்னக்காயல் கடற்கரையில் இந்தச் சோகத்தைச் சொன்னதும் வாத்தியார் அண்ணாச்சி சிரித்தார். "குதிரைக் கதை தெரியாதாவே?"

பக்கத்துப் பழையகாயலில் 13-ம் நூற்றாண்டில் அரபுக் குதிரைகள் இறங்கினவாம். தலைக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் பாண்டியன் கஜானாதான் அழ வேண்டும் என்று ஒப்பந்தம். எழுதி வைத்தவர் பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாஃப்.

சி.ஐ.எஃப்.பும் கிட்டத்தட்ட இதேதான் சார்! கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் கட்டுவது விற்றவன். சரக்கு கப்பலேறிய பிறகு நஷ்டமோ வாங்கியவன் தலையில். இன்ஷூரன்ஸ் கேட்க வேண்டியதும் அவனே. எஃப்.ஓ.பி. என்றால் கப்பல் கூலியும் அவன் பாடு.

கையெழுத்துப் போடும் முன் அந்த மூன்று எழுத்தைப் படியுங்கள். பாண்டியனுக்குக் கஜானா இருந்தது. நமக்கு பி.எஃப். மட்டும்தானே!