முதல் வேலையும் பதினொரு பக்க ஒப்பந்தமும்

என்னுடைய முதலாவது வேலை ஒப்பந்தம் பதினொரு பக்கங்கள் கொண்டது. அதில் நான் ஒழுங்காக வாசித்தது சம்பளம் எழுதியிருந்த பக்கத்தை மட்டும்தான். மீதிப் பத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்தேன். பதினான்கு மாதங்களின் பின்னர் அந்தப் பத்துப் பக்கங்களும் என்னிடமிருந்து 13,400 டொலரை வாங்கிக்கொண்டன.

நமது கல்லூரியில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, திருமணத்தின் பின் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனவள் நான். அங்கே தாதியாகி, பிறகு முதுமாணிப் படிப்பையும் முடித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆனேன். என் சாச்சியின் மகள் இப்போது அதே நாட்டில் பிசிஷன் அசிஸ்டன்ட் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். வேலை தேடுவது பற்றி அவள் என்னிடம் கேட்பவற்றையும் நான் சொல்பவற்றையுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலைகள் எவை என்று சொல்ல வேண்டும். இரண்டும் 1965ஆம் ஆண்டு தொடங்கியவை. நாட்டில் வைத்தியர்கள் போதாமல் இருந்த காலம் அது. டியூக் பல்கலைக்கழகத்தில் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்த நால்வரைச் சேர்த்து முதலாவது பிசிஷன் அசிஸ்டன்ட் வகுப்பை நடத்தினார்கள். அதே ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பித்தார்கள். இரு வகையினரும் நோயாளியைப் பரிசோதிக்கலாம், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம், நோயை நிர்ணயிக்கலாம், மருந்து எழுதலாம். நம் ஊர்ப் பெரியவர்கள் 'அப்போத்திக்கரி' என்று அழைத்த உதவி வைத்திய அதிகாரியை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட விளங்கும்.

சம்பளத்தைக் கேட்டால் பெற்றோரின் கண் விரியும். அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் 2023 மே மாதக் கணக்கின்படி, நர்ஸ் பிராக்டிஷனர்களில் பாதிப்பேர் ஆண்டுக்கு 126,260 டொலருக்கு மேல் உழைத்தார்கள். பிசிஷன் அசிஸ்டன்டுகளுக்கு அந்த எண் 130,020. எனக்கும் கண் விரிந்தது. அதனால்தான் மற்றப் பக்கங்கள் கண்ணில் படவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் அரசாங்க வேலைக்கு நியமனக் கடிதம் வரும். சம்பளம் சுற்றுநிருபத்தில் இருக்கும். பேரம் பேச அதில் ஒன்றுமே இல்லை. கடிதம் வந்த அன்று வீட்டில் இனிப்புப் பகிர்வோம். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் போனேன். அங்கே ஒவ்வொரு கிளினிக்கும் தன் ஒப்பந்தத்தைத் தானே எழுதுகிறது. தனக்குச் சாதகமாகத்தான் எழுதும், அதில் குற்றம் காண முடியாது. மற்றத் தரப்பு வாய் திறக்கும் என்று எதிர்பார்த்தே அதை நீட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வேலை தேடலைப் படிப்பு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். படிப்பு முடிந்ததும் தேசியப் பரீட்சை, அதன்பின் மாநில அனுமதிப்பத்திரம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்குத் தனிப் பதிவு, கடைசியாகக் காப்புறுதிக் கம்பனிகளின் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசிப் பதிவுக்கு மாத்திரமே மூன்று மாதம் போகலாம். அதுவரை நாம் பார்க்கும் நோயாளிக்குக் கிளினிக்குக்குக் காசு வராது, ஆகவே பலர் நம்மை வேலைக்கு இறக்கமாட்டார்கள். 'சம்பளம் எந்தத் திகதியிலிருந்து?' என்பதை எழுத்தில் கேட்கச் சொல்வது இதனால்தான். விளம்பரங்களை விட, பயிற்சிக் காலத்தில் நம்மை வைத்துப் பழக்கிய வைத்தியரிடம் நேராகக் கேட்பது பலன் தரும். என் வகுப்பில் பலருக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது.

இனி அந்தப் பத்துப் பக்கங்கள்.

சேரும்போது எனக்கு 10,000 டொலர் ஊக்கத்தொகை தந்தார்கள். வரி கழித்துக் கையில் கிடைத்தது ஏழாயிரத்துச் சொச்சம். இரண்டு ஆண்டுகள் முடியுமுன் விலகினால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. கணவரின் வேலை ஹியூஸ்டன் நகரத்தின் மறு அந்தத்துக்கு மாறியதால் நான் பதினான்காம் மாதத்தில் விலகினேன். திருப்பிக் கேட்டது கையில் வந்த ஏழாயிரத்தை அல்ல, பத்தாயிரத்தை. வேலை செய்த பதினான்கு மாதங்களுக்கு ஒரு சதமும் கழிக்கவில்லை. 'மாதக் கணக்கில் குறைந்து வரும், வரி போக மிஞ்சியது மட்டுமே திருப்பப்படும்' என்ற ஒரு வசனத்தை அன்று கேட்டிருந்தால் அந்தக் காசில் பெரும்பகுதி எனக்கே மிஞ்சியிருக்கும்.

மற்றது காப்புறுதி. இதைச் சற்று ஆறுதலாக வாசியுங்கள், அங்கே பிறந்தவர்களே தடுமாறும் இடம் இது. சிகிச்சையில் பிழை நடந்தது என்று நோயாளி வழக்குப் போட்டால் நமக்காக நிற்பதற்கு ஒரு காப்புறுதி உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்றில், சம்பவம் நடந்த நாளில் காப்புறுதி இருந்தால் போதும். வழக்கு எப்போது வந்தாலும் பாதுகாப்பு உண்டு. மற்றதில், வழக்கு வருகிற நாளிலும் அந்தக் காப்புறுதி உயிரோடு இருக்க வேண்டும். நான் 2018இல் பார்த்த நோயாளி, நான் வேலையை விட்ட பின் 2020இல் வழக்குப் போட்டால்? இரண்டாம் வகையில் நான் தனியே நிற்பேன். அந்த இடைவெளியை மூட வேலையை விடும்போது ஒரு மேலதிகக் காப்புறுதி வாங்க வேண்டும். அதை அவர்கள் 'டெயில்', அதாவது வால் என்கிறார்கள். ஆண்டுக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கேட்பதுண்டு. என் ஒப்பந்தத்தில் வால் என் செலவு என்று இருந்தது. 3,400 டொலர் கட்டினேன். எந்த வகைக் காப்புறுதி, வாலுக்கு யார் காசு என்ற இரண்டு கேள்விகளையும் என் தங்கைக்குச் சம்பளத்துக்கு முன்னரே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

போட்டித் தடை என்றொரு பிரிவும் உண்டு. விலகிய பின் இத்தனை மைலுக்குள் இத்தனை காலம் இதே வேலையைச் செய்யக்கூடாது என்பது அது. எனக்குப் பதினைந்து மைல், ஓராண்டு. நான் தூரத்துக்குப் போனதால் தப்பினேன். என்னோடு விலகிய தோழி வீட்டுக்குப் பக்கத்தில் வேலை இருந்தும் ஓராண்டு முழுக்க நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் போய் வந்தாள். கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட தடை செல்லாது. டெக்சாஸில் 2025 செப்டம்பர் 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் நம் போன்றோருக்கு ஐந்து மைல், ஓராண்டு என்ற எல்லையைச் சட்டமே வைத்துவிட்டது. ஆகவே எந்த மாநிலம், எந்தத் திகதி என்று பார்க்காமல் சிநேகிதியின் ஒப்பந்தத்தை வைத்து நம்முடையதை அளக்கக்கூடாது.

டெக்சாஸில் நாங்கள் மருந்து எழுத ஒரு வைத்தியரோடு எழுத்து மூல உடன்பாடு வேண்டும். பல மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனருக்கு அது தேவையில்லை. தேவைப்படும் இடத்தில், அந்த வைத்தியர் கட்டடத்துக்குள் இருப்பாரா, தொலைபேசியில் மட்டும்தானா, அவருக்குரிய கட்டணத்தை யார் கொடுப்பது என்று கேட்க வேண்டும். புதிதாக வந்தவளுக்குச் சம்பளத்தை விட இது பெரிது என்பேன். முதல் கிளினிக்கில் மூன்றாம் வாரமே எனக்கு ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினார்கள். நெஞ்சு நோவு என்று வந்த ஒரு வயோதிபரை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு, வைத்தியரின் தொலைபேசி அடிக்க அடிக்க நான் நின்ற அந்த ஒன்பது நிமிடங்களை இன்னும் மறக்கவில்லை. அவரை அம்புலன்ஸில் அனுப்பினேன், தப்பினார்.

இரண்டாவது வேலைக்கு ஒப்பந்தம் வந்தபோது வாப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். கேட்டால் வேலை இல்லை என்றுவிடுவார்களோ என்ற பயம். வாப்பா சிரித்தார். "கடைக்கு ஆள் எடுக்கக்க நானும் கணக்குப் பேசித்தானே எடுக்கிற மகள். பேசாம வந்து நிண்டவனப் பத்தித்தான் எனக்குச் சந்தேகம் வரும்."

சட்டத்தரணி ஒருவரிடம் 400 டொலர் கொடுத்து ஒப்பந்தத்தை வாசிப்பித்தேன். பிறகு நிர்வாகிக்கு மின்னஞ்சல் எழுதினேன். நன்றி சொல்லி, வேலையில் விருப்பம் என்று சொல்லி, ஐந்து விடயங்களைக் கேட்டேன்: முதல் மூன்று மாதம் ஒரு நோயாளிக்கு முப்பது நிமிடம்; வாலுக்கு அவர்கள் காசு; போட்டித் தடை நீக்கம்; விலகுவதற்கான முன்னறிவித்தல் இரு தரப்புக்கும் அறுபது நாள் (அவர்களுக்கு முப்பது, எனக்குத் தொண்ணூறு என்று இருந்தது); இரண்டு பெருநாளுக்கும் விடுமுறை. இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நிர்வாகி எடுத்துப் பேசினார். முப்பது நிமிடத்துக்குச் சரி, வாலுக்குச் சரி, அறுபது நாளுக்குச் சரி, பெருநாளுக்குச் சரி. போட்டித் தடையை எடுக்க முடியாது, பத்து மைலை ஐந்தாக்கலாம் என்றார். "வாயால் சொன்னது போதும்தானே?" என்றும் கேட்டார். ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள் என்றேன். எழுதித் தந்தார். அங்கேதான் ஆறாவது ஆண்டாக வேலை செய்கிறேன்.

நேற்றிரவு தங்கை தனக்கு வந்த முதலாவது ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஓரிடத்தில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் "ராத்தா, வால் யாருக்கு எண்டு இதுல இல்லையே?" என்று எழுதியிருந்தாள். சம்பளப் பக்கத்தை அனுப்ப மறந்துவிட்டாள்.